பிறருக்காக நிதி சேர்ப்பவர்களுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஐந்து பேர் கொண்ட ஒரு சிறிய குழு. முதியோர் இல்லம் நடத்துவதில்லை, பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதில்லை, நோயாளிக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதில்லை. இவற்றைச் செய்கிறவர்களுக்காகக் காசு சேர்த்துக் கொடுக்கிறோம். முதியோர் இல்லத்துக்கு யோசிக்காமல் கொடுக்கிறவர்கள்கூட, நிதி சேர்க்கும் இந்த வேலைக்கு என்று கேட்டால் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

ஊருக்குப் புதிதாக இப்படி ஒரு அமைப்பு எதற்கு?

ஊருக்கு இது புதிதில்லை. பிடியரிசி சேர்த்த கதையை உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சமையலுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். யாராவது வந்து வாங்கிப் போவார்கள். அது பள்ளிக்கூடத்துக்கோ கோவிலுக்கோ மடத்துக்கோ போகும். வாங்க வந்தவர் வாத்தியாரும் இல்லை, மடத்தில் சமைப்பவரும் இல்லை. படலைக்குப் படலை நடந்ததுதான் அவருடைய தொண்டு. 1870களில் பஞ்சம் வந்தபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டி நடத்தினார். அதற்கும் யாரோ வீடு வீடாகப் போய்ச் சேர்த்துத்தான் இருக்க வேண்டும்.

இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருக்கும் பழைய மாணவர் சங்கக் கிளைகள் செய்வதும் இதைத்தான். அங்கே இராப்போசன விருந்து வைத்து, நடைபவனி போய்க் காசு சேர்க்கிறார்கள். செலவழிப்பது இங்கே இருக்கும் தாய்ச்சங்கமோ பாடசாலையோதான்.

2011இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஒரு நடைபயணம் நடந்தது. 'ட்ரெயில்' என்று பெயர். தெல்லிப்பளை வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு அமைக்க நிதி சேர்ப்பது அதன் நோக்கம். அதற்கு முன் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு எங்கள் ஆட்கள் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகம வரை பஸ்ஸில் போய் வந்ததை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நடந்தவர்களில் பெரும்பாலோர் வைத்தியர்கள் இல்லை, வைத்தியசாலையை நடத்தப் போகிறவர்களும் இல்லை. 2016இல் அதே ஆட்கள் மறுபக்கமாக, பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைக்கு, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நடந்தார்கள்.

வெளிநாட்டில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. பிரித்தானியாவில் 1963இல் தொடங்கிய பேரிடர் அவசரக் குழு பல தொண்டு நிறுவனங்களுக்காக ஒரே குரலில் காசு கேட்கிறது. 2004 சுனாமிக்கு மட்டும் அது 392 மில்லியன் பவுண்ஸ் சேர்த்தது. 2009இல் ஒக்ஸ்போர்ட்டில் தொடங்கிய 'கிவிங் வட் வீ கான்', வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதாக ஆட்களிடம் உறுதிமொழி வாங்குகிறது. அந்தப் பங்கு வேறு நிறுவனங்களுக்குத்தான் போகிறது.

நானே நேரடியாகக் கொடுக்கலாமே? இடையில் நீங்கள் எதற்கு?

ஸ்காபரோவிலிருந்து ஒரு அண்ணை இதை இன்னும் நேராகக் கேட்டார்: "நான் ஏன் இடையில ஒரு ஆளுக்குக் குடுக்கோணும்? அந்தப் பிள்ளையின்ர எக்கவுண்ட் நம்பரைத் தாரும், நானே போடுறன்."

பிள்ளையை உங்களுக்குத் தெரியும் என்றால், அல்லது இல்லத்தை நடத்துகிறவரை நம்புகிறீர்கள் என்றால், நேரடியாகவே கொடுங்கள். இதை மனதாரச் சொல்கிறேன். எங்களைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு ரூபாவும் நல்ல ரூபாதான்.

ஆனால் நேரடியாகப் போகும் காசு எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டில் சொந்தக்காரர் உள்ள ஊருக்கும், பெரிய பழைய மாணவர் சங்கம் உள்ள பாடசாலைக்கும், திருவிழா பெரிதாக நடக்கும் கோவிலுக்கும் போகிறது. நகரத்துப் பெரிய பாடசாலைக்கு இரண்டாவது கணினிக்கூடம் கிடைக்கும். வடமராட்சி கிழக்கில் கடலோரப் பாடசாலை ஒன்றுக்கு ரொறன்ரோவில் கிளை கிடையாது, அதற்காகத் தொலைபேசி எடுக்கவும் ஆள் கிடையாது. எங்கள் வேலையில் பாதி அந்த அழைப்பை எடுப்பதுதான்.

என் காசு உங்கள் செலவுக்குத்தானே போகிறது?

ஆம். எங்களுக்கு என்று தருகிற காசு எங்கள் செலவுக்குத்தான் போகிறது. இதை மறைத்தால் மற்ற எதையும் நீங்கள் நம்பத் தேவையில்லை.

நல்லூர்த் திருவிழா நேரம் தண்ணீர்ப்பந்தலுக்குப் பக்கத்தில் இரண்டு மேசை போட்டிருந்தோம். ஒரு அம்மா வந்தார். அர்ச்சனைத் தட்டை இடக்கையில் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஐந்நூறு ரூபாத் தாளை அவிழ்த்தார். பெட்டிக்கு மேலே கை வந்த பிறகுதான் கேட்டார்: "தம்பி, இது ஆருக்குப் போகுது?" அவர் நின்ற மேசையில் இருந்தது எங்கள் செலவுக்கான பெட்டி. "இது நாங்கள் காசு சேர்க்கிற செலவுக்கு அம்மா. துண்டுப்பிரசுரம், பஸ் காசு, போன் காசு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு அதைப் பழையபடி மடித்து முடிந்துகொண்டு, "அப்ப அந்த வயதுபோன ஆக்களுக்கு எண்டால் சொல்லு தம்பி" என்றார். இல்லத்துக்கான பெட்டி மற்ற மேசையில் இருந்தது, காட்டினேன். முடிச்சை மறுபடி அவிழ்த்து ஐந்நூறையும் அதில் போட்டார்.

அந்த அம்மாவிடம் பிழை காண எதுவுமே இல்லை. தன் காசு சோறாக வேண்டும், பஸ் டிக்கெட்டாகக் கூடாது என்று நினைக்க அவருக்கு முழு உரிமை உண்டு. உலகம் முழுக்க மனிதர் இப்படித்தான். 2014இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் வெளிவந்த ஒரு பரிசோதனையில் அமெரிக்காவில் 40,000 பேருக்குக் கடிதம் போட்டார்கள். ஒரு பகுதியினருக்குச் சாதாரண வேண்டுகோள். இன்னொரு பகுதியினருக்கு, "நிர்வாகச் செலவை ஒருவர் ஏற்கெனவே தந்துவிட்டார், நீங்கள் தருவது முழுக்கத் திட்டத்துக்கே போகும்" என்று ஒரு வரி சேர்த்தார்கள். சாதாரணக் கடிதத்துக்கு நூற்றுக்கு 3.36 பேர் கொடுத்தார்கள். அந்த வரி சேர்ந்த கடிதத்துக்கு 8.55 பேர் கொடுத்தார்கள்.

இதிலிருந்து நாங்கள் ஒரு முறையை எடுத்துக்கொண்டோம். இல்லத்துக்கு என்று வரும் காசில் ஒரு சதமும் தொடுவதில்லை. எங்கள் செலவு என்ன என்பதை விளங்கிக்கொண்டு தர முன்வரும் ஒரு சிலரிடம் மட்டும், வாய்விட்டுச் சொல்லி, அதற்கென்றே தனியாகக் கேட்கிறோம். இரண்டு பெட்டி, இரண்டு பற்றுச்சீட்டுப் புத்தகம், இரண்டு வங்கிக் கணக்கு.

உங்களுக்கு ஒரு ரூபா தந்தால் அது பல ரூபாவாகும் என்கிறார்களே, உண்மையா?

எங்களைப் போன்ற அமைப்புகள் எல்லாம் சொல்லும் கதை இது. இந்தக் கதையில்தான் ஏமாற்று நுழைய வழி அதிகம். பிறரை ஏமாற்ற நினைக்காதவர்கள்கூடத் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளலாம். கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

ஒரு பேச்சுக்கு, ஒரு வருடத்தில் ஒரு இலட்சம் ரூபா செலவழித்து எட்டு இலட்சம் சேர்த்தோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு எட்டு! சுவரொட்டியில் போட நன்றாக இருக்கும்.

சரி, அந்த எட்டு இலட்சம் யார் தந்தது? அதில் மூன்று இலட்சம், வருடா வருடம் தகப்பனின் திவசத்துக்கு அதே இல்லத்துக்குக் கொடுக்கும் இரண்டு குடும்பங்கள் தந்தது. நாங்கள் கேட்காவிட்டாலும் கொடுத்திருப்பார்கள். எங்கள் பற்றுச்சீட்டு வழியாக வந்தது என்பதைத் தவிர எங்களுக்கு அதில் பங்கில்லை. கழியுங்கள், மிச்சம் ஐந்து. இன்னொரு இலட்சத்தைத் தந்தவர் வேறொரு பாடசாலைக்குக் கொடுக்க வைத்திருந்த காசைத்தான் எங்களிடம் தந்தார். ஊருக்கு மொத்தமாக ஒன்றும் கூடவில்லை, ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு மாறியது. அதையும் கழியுங்கள், மிச்சம் நான்கு.

இனிச் செலவுப் பக்கம். ஐந்து பேரும் சம்பளமில்லாமல் செய்கிறோம் என்பதற்காக எங்கள் நேரம் இலவசம் ஆகிவிடாது. அந்த மணித்தியாலங்களில் பிள்ளைகளுக்கு டியூசன் கொடுத்திருக்கலாம், இல்லத்தில் போய்ச் சமைத்திருக்கலாம். அதற்கு அறுபதாயிரம் என்று போட்டால் செலவு ஒரு இலட்சத்து அறுபதாயிரம். நான்கு இலட்சத்தை அதனால் பிரித்தால் ஒன்றுக்கு இரண்டரைதான். எட்டு எங்கே, இரண்டரை எங்கே!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இரண்டரை என்றாலும் அது நல்ல பலன்தான், செலவான ஒவ்வொரு ரூபாவும் இல்லத்துக்கு இரண்டரை ரூபாவாகப் போயிருக்கிறது. ஆனால் எட்டு என்று சொல்லி வாங்கிவிட்டு இரண்டரை செய்வது நம்பிக்கைத் துரோகம். ஆகவே, எங்களைப் போன்ற எந்த அமைப்பு உங்களிடம் வந்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: "நீங்கள் இல்லாவிட்டாலும் வந்திருக்கும் காசைக் கழித்துவிட்டீர்களா?" அதற்குப் பதில் தடுமாறினால் விட்டுவிடுங்கள்.

இப்படிக் கழித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன 'கிவிங் வட் வீ கான்', 2020 முதல் 2022 வரைக்குமான தன் மதிப்பீட்டில், எப்படியும் வந்திருக்கும் காசைக் கழித்த பிறகு செலவழித்த ஒரு டொலருக்குச் சுமார் 30 டொலர் என்று கணக்குக் காட்டியது. கணக்கிட்ட முறையையும் வெளியிட்டது. தங்களைத் தாங்களே மதிப்பிட்டது என்பதை மனதில் வைத்து வாசிக்க வேண்டும். பணக்கார நாட்டில் ஆயுள் முழுக்க உறுதிமொழி வாங்குகிறவர்களோடு எங்களை ஒப்பிடவும் முடியாது. ஆனால் கழித்துக் காட்டும் அந்தப் பழக்கத்தை எந்த ஊரிலும் பின்பற்றலாம்.

காசு போய்ச் சேர்ந்த ஒரு பிள்ளையின் படத்தையாவது அனுப்பக் கூடாதா?

இதைக் கேட்காதவர்கள் குறைவு. 2007இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், மாலி நாட்டில் பசியோடு இருக்கும் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் வாசித்தவர்கள் தங்களிடம் இருந்த ஐந்து டொலரில் சராசரியாக 2.38 கொடுத்தார்கள். இலட்சக்கணக்கானோர் பசியோடு இருக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை வாசித்தவர்கள் 1.14 கொடுத்தார்கள். அப்புறம் இரண்டையும் சேர்த்துக் காட்டிப் பார்த்தார்கள். அப்போதும் 1.43தான். புள்ளிவிவரம் பக்கத்தில் வந்ததும் ரோக்கியாவின் முகமும் மங்கிவிட்டது.

நிதி சேர்ப்பவர்களுக்கு இதில் இரட்டைக் கஷ்டம். எங்களிடம் முகம் கிடையாது. உங்கள் காசு ஒரு தொலைபேசி அழைப்பாகி, அந்த அழைப்பு இன்னொருவரின் காசாகி, அதுதான் பிறகு சோறாகிறது. இரண்டு வாசல் தாண்டிப் போகும் காசுக்குப் பின்னால் மனம் அவ்வளவு எளிதில் போகாது.

அப்படியிருந்தும் பிள்ளைகளின் முகத்தை நாங்கள் போடுவதில்லை. இது சின்ன ஊர். உதவி வாங்கிய பிள்ளை என்று பேஸ்புக்கில் வந்தால் அடுத்த நாள் வகுப்பில் அத்தனை பேருக்கும் தெரியும். பாடசாலைப் பையோடு நிற்க வைத்து, பக்கத்தில் கொடுத்தவரின் பெயர்ப் பதாகையையும் பிடித்து எடுத்த படங்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதை நாங்கள் செய்ய மாட்டோம், அதனால் காசு குறைந்தாலும் சரி.

முன்பு சேர்த்த காசுகளுக்கே கணக்கு வரவில்லை. உங்களை எப்படி நம்புவது?

போர்க்காலத்தில் வீடு வீடாகக் காசு சேர்த்தார்கள். சிலர் விரும்பிக் கொடுத்தார்கள், சிலர் மறுக்க முடியாமல் கொடுத்தார்கள். எங்கே போனது என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை. சுனாமிக்கும் சேர்த்தார்கள், 2009இல் போர் முடிந்த பிறகும் சேர்த்தார்கள். கணக்கு வந்தது சிலதற்கு, வராதது பலதற்கு. புலம்பெயர்ந்த ஒருவர் "ஊருக்குக் காசு" என்ற சொல்லைக் கேட்டதும் தொலைபேசியை வைக்கிறார் என்றால், அந்தக் கசப்பு அனுபவத்தில் வந்தது. வாதாடி அதை மாற்ற முடியாது.

எங்களால் செய்ய முடிந்தது, ஒவ்வொரு மாதமும் கணக்கை இல்லத்திலும் எங்கள் வாசலிலும் ஒட்டுவதுதான். நாங்கள் கொடுத்ததாகச் சொல்லும் தொகையும் இல்லம் வாங்கியதாகச் சொல்லும் தொகையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இல்லத்தின் பொருளாளர் கையெழுத்தோடு.

உண்டியலில், அதாவது வங்கி வழியே இல்லாமல் ஆட்கள் கைமாற்றும் வழியில், அனுப்பலாமா? வெளிநாட்டுக் காசுக்கு விலை கூடக் கிடைக்கிறதே.

வேண்டாம். 2022 தொடக்கத்தில் வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் பெரிய இடைவெளி இருந்தபோது பலர் இதைக் கேட்டார்கள். உண்டியலில் வந்த காசுக்கு வங்கித் துண்டு கிடையாது, கணக்காய்வாளரிடம் காட்டவும் எதுவும் இருக்காது. பிரித்தானியாவில் வரி கட்டுகிறவர்கள் அங்கே பதிவான தொண்டு நிறுவனம் வழியாகக் கொடுத்தால், கிஃப்ட் எய்ட் என்ற வரிச் சலுகை மூலம் ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் மேலதிகமாக அந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும். உங்கள் பழைய மாணவர் சங்கம் அங்கே பதிவாகியிருந்தால் அதன் வழியே அனுப்புவது இலாபம்.

மற்றத் தொண்டு நிறுவனங்களுக்கு வரும் காசைத்தான் நீங்கள் பிரித்து எடுக்கிறீர்களா?

அந்த ஆபத்து இருக்கிறது. ஒரே நூறு பேரிடம்தான் எல்லோரும் போகிறோம். ஆகவே ஏற்கெனவே கொடுக்கிறவர்களின் பட்டியலை யாரிடமும் வாங்குவதில்லை. இதுவரை எதற்கும் கொடுக்காதவர்களைத் தேடிப் போகிறோம். வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கும் இளையவர்கள், கொழும்பில் இருக்கும் ஊர்க்காரர், ஓய்வூதியம் கிடைக்கத் தொடங்கியவர்கள். இது மெதுவான வேலை. சில மாதங்களில் ஒருவர்கூடப் புதிதாகச் சேர்வதில்லை.

அப்படியானால் உங்களுக்குக் கொடுப்பவர்கள் யார்?

பெரும்பாலும் மூன்று விதமான ஆட்கள். முதல் வகை கடைக்காரர்கள். முதல் போடாமல் வியாபாரம் நடக்காது என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். பெரிய கடைப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை ஐயா அரை நிமிடம்தான் கேட்டார், "எவ்வளவு போட்டு எவ்வளவு எடுத்தீங்கள்?" என்றார், கொப்பியை வாங்கிப் பார்த்தார், கொடுத்தார். இரண்டாவது, எப்போதாவது தாங்களே ஒரு சங்கத்துக்காகப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வெயிலில் அலைந்தவர்கள். மூன்றாவது, எங்களில் ஒருவரைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். உண்மையில் இந்த மூன்றாவது வகைதான் அதிகம். அவர்கள் அமைப்பை நம்பித் தருவதில்லை, ஆளை நம்பித் தருகிறார்கள். அந்த ஆள் நாளைக்கு வெளிநாடு போய்விட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் பெரிய கவலை.

எவ்வளவு கொடுக்கலாம்?

நீங்கள் தருமத்துக்கு ஒதுக்குவதில் பத்தில் ஒன்றுக்கு மேல் எங்கள் செலவுக்குத் தர வேண்டாம். மீதியை நேரே கொடுங்கள். ஒருவரே எங்கள் செலவு முழுவதையும் ஏற்பதும் வேண்டாம். சிறந்த தொண்டு நிறுவனங்களை ஆராய்ந்து பரிந்துரைக்கும் அமெரிக்காவின் 'கிவ்வெல்' தன் நிர்வாகச் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஒரு தனிக் கொடையாளியிடமும் வாங்குவதில்லை என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒருவருடைய கையை நம்பி நின்றால் அவருடைய பேச்சுக்கும் ஆட வேண்டி வரும். நாங்களும் அந்த வரம்பையே வைத்திருக்கிறோம்.

உங்களுக்கு எப்போது கொடுக்கக் கூடாது?

உங்கள் சொந்தத்திலோ அயலிலோ அவசரமான தேவை இருந்தால். கொடுப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் உங்களுக்கு நிறைவு வரும் என்றால். அந்த நிறைவுதான் உங்களை அடுத்த வருடமும் கொடுக்க வைக்கும், அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் சேர்த்தது, மேலே சொன்னபடி கழித்த பிறகு, செலவைவிடக் குறைவாக இரண்டு வருடம் தொடர்ந்து இருந்தால். அப்படி வந்தால் நிறுத்திவிட்டு ஐந்து பேரும் இல்லத்தில் போய் வேலை செய்வதாகத் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

கணக்கை எங்கே பார்க்கலாம்?

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு விறாந்தையில். வரவுக் கொப்பி, செலவுக் கொப்பி, வங்கித் துண்டுகள் எல்லாம் மேசையில் இருக்கும். காசு தந்தவர்தான் பார்க்கலாம் என்று இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் நம்பும் ஒருவரை அனுப்பலாம், எந்தச் சனிக்கிழமை என்று முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை.